கறுப்புப் பெட்டியும் நாலு தட்டையும்

நான் யாரையும் சுலபத்தில் நம்புவதில்லை. காலை நடைக்கு என்னோடு வருகிற உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோர் பேச்சையும் தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். “சி.ஐ.டி.யா பொறந்திருக்க வேண்டியவ” என்று நீங்கள் என்னைக் கேலி செய்வீர்கள். பிறக்கவில்லை, அப்படி ஆக்கிவிட்டார்கள். ஒன்பது வயதில், மயிலாப்பூரில், ஒரு புரட்டாசி மாதத்தில். இத்தனை வருஷம் உங்களிடம் அதைச் சொல்லாமல் இருந்தேன். ஏனென்றால் அந்தக் கதையில் நான் நல்லவள் இல்லை.

இப்போது சொல்ல வைத்தது ஒரு பொம்மை. போன வருஷம் தொண்ணூறு தாண்டிப் பெரியம்மா போய்ச் சேர்ந்தாள். நங்கநல்லூரில் அவள் இருந்த வீட்டைக் காலி செய்தபோது பழைய கொலுப் பெட்டி என் தலையில் வந்து விழுந்தது. அதற்குள் இருந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களில் பாதிப் பேர் டிபனுக்கு எழுந்து போய்விடுவீர்கள்.

அந்த வருஷம் அப்பாவுக்கு வடக்கே மாற்றல். பள்ளிக்கூட வருஷம் பாதியில் கெடக்கூடாது என்று என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் ரயிலேறிவிட்டார்கள். மந்தைவெளிப் பக்கம் ஓட்டு வீடு. வீட்டில் என்னைத் தவிர மூன்றே பேர். பெரியப்பா ஆபீஸ் போவார், வருவார், பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொள்வார். பெரியம்மாவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. மூன்றாவது பாட்டி, அப்பாவையும் பெரியப்பாவையும் பெற்றவள். தாத்தா போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

பாட்டிக்குக் கை சும்மா இருக்காது. விடிந்ததும் கோலம், பிறகு தட்டையோ முறுக்கோ, பிறகு ஊசிமணி. வெள்ளையும் பச்சையுமாய் மணி கோத்துக் கிளி செய்வாள். கொலுவில் வைக்கிற மரப்பாச்சிக்கு வருஷா வருஷம் புதுப் பாவாடை தைப்பாள். அந்த வருஷம் ஏதோ இரும்பு உருளைகளை எங்கிருந்தோ கொண்டுவந்து, அட்டையில் ஒரு தேர் செய்து அதற்குச் சக்கரமாக வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் தட்டு வைத்த, நூல்கண்டு மாதிரியான உருளை. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “கெடச்சுது” என்றாள். பாட்டி பொய் சொல்ல மாட்டாள். ஆனால் உண்மையைக் கொஞ்சமாகத்தான் கொடுப்பாள்.

மத்தியானம் மூன்றரைக்குக் காப்பி குடித்ததும் கித்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “உபன்யாசத்துக்குப் போயிட்டு வரேன்” என்று கிளம்புவாள். விளக்கேற்றுகிற நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். பெரியம்மாவுக்கு முதலில் இடித்தது புடவைதான். துவைக்க எடுத்தால் கரையிலிருந்து மணல் கொட்டியது.

“இன்னிக்கு என்னம்மா கதை?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“துருவ சரித்திரம்.”

அடுத்த வாரமும் கேட்டாள். அப்போதும் துருவ சரித்திரம்தான்.

“துருவன் இன்னும் தவத்தை முடிக்கலையா?” என்றாள் பெரியம்மா. பாட்டி காதில் விழாத மாதிரி மணி கோத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டி குளிக்கப் போயிருந்த ஒரு காலையில் பெரியம்மா அந்தப் பைக்குள் கையை விட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். முதலில் ஒரு இறகு வந்தது. பிறகு மடித்த கறுப்புத் துணி. பிறகு சுருட்டி வைத்த ஒரு காகிதம். பிரித்தால் மூன்று முழம் நீளம் இருந்தது, அகலம் நாலு விரல்தான். ஒரு பக்கம் மைக்கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. சிவப்புப் பக்கத்தில் ஒன்றிலிருந்து எட்டு வரை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் வரிசையாகப் புள்ளிகள், நடுநடுவே சின்ன வட்டங்கள்.

பெரியம்மா அதைக் கையிலிருந்து உதறினாள். “எறகு, கறுப்புத் துணி, செவப்புல எண் போட்ட எந்திரம். இது யாருக்கோ சூனியம் வைக்கறதுடி.”

“யாருக்குப் பெரியம்மா?”

“இந்தாத்துல யாருக்கு வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்கறதோ, அவளுக்கு.”

இன்று நினைத்தால் பெரியம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊரில் உள்ள வளைகாப்புக்கெல்லாம் போய்க் கை நிறைய வளையலும் மனசு நிறைய வேறு ஏதோவுமாகப் பன்னிரண்டு வருஷம் திரும்பி வந்தவள். காரணம் என்று ஒன்று கையில் அகப்பட்டால் விடுவாளா?

என்னை உட்கார்த்தித் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். “நீ சின்னவ. ஒன்னை யாரும் கவனிக்க மாட்டா. பாட்டி பின்னாடியே போயிட்டு வந்து என்னண்ட மட்டும் சொல்லு. பெரியப்பாகிட்ட மூச்சு விடாதே. இந்த வருஷம் கொலுவுக்குப் புதுப் பொம்மையை நீதான் எடுக்கப் போறே.”

எங்கள் வீட்டுக் கொலுவில் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை சேர வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பது பெரியவர்கள் காரியம். ஆனால் நான் மயங்கியது பொம்மைக்கு இல்லை. அம்மா ரயிலேறிய நாளிலிருந்து நான் எதற்காவது வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. பெரியம்மாதான் முதலில் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாட்டியின் பின்னால் போனேன். அவள் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. மந்தைவெளியைத் தாண்டி, கடற்கரைச் சாலையைக் கடந்து, சீனிவாசபுரம் குப்பத்துக்குள் நுழைந்தாள். வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கருவாட்டு வாசனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு, குடிசைக்குக் குடிசை ஒளிந்து ஒளிந்து போனேன்.

ஒரு குடிசை வாசலில் மீன்காரம்மா நின்றிருந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கூடை வைத்து விற்பவள். கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கும்.

“இன்னா பாட்டிம்மா, லேட்டு? நீளக்கால் வந்து நின்னுகினு கீது. சத்தம் போடாம வா.”

“எத்தனை?”

“ஒண்ணுதான் மொதல்ல வந்துச்சு. இப்போ மூணு.”

நீளக்கால் யார்? மூன்று பேர் எங்கே நிற்கிறார்கள்? அவர்களைக் கண்டு ஏன் சத்தம் போடக்கூடாது? எனக்குத் தெரிந்த பேய்களுக்கெல்லாம் கால் கிடையாது. நீளக் கால் உள்ளது அதைவிடப் பெரிய ஏதோ என்று முடிவு செய்தேன்.

அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் போனார்கள். அப்போது அங்கே மணலும் சேறும் ஆகாசமும்தான். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்துக்குப் பின்னால் பதுங்கினேன். பாட்டி நூறடி தள்ளி நின்று, பையிலிருந்து சதுரமான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தாள். வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தலைக்கும் பெட்டிக்கும் மேலாக அந்தக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு குனிந்தாள். அப்படியே நின்றாள். நாழிக் கணக்காக நின்றாள் என்று அன்று தோன்றியது. காற்றில் புடவை மட்டும் ஆடியது.

ஒரு தரம் திரும்பி என் பக்கம் பார்க்க நின்றாள். உடனே குனிந்தும் விட்டாள். பெட்டியைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னேன். பெரியம்மா ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தரம் கேட்டாள். “நீளக்காலா? மூணா?” என்று கேட்டுவிட்டு நேரே பூஜையறைக்குப் போய் விபூதி எடுத்து எனக்கும் இட்டாள், தனக்கும் இட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் மறுபடி அனுப்பினாள். அவசரத்தில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒன்றும் சாப்பிடாமலே ஓடினேன். அதே கட்டுமரம், அதே பெட்டி, அதே கறுப்புத் துணி. அன்று மீன்காரம்மா வரவில்லை. பாட்டி திரும்பிப் போகும்போது ஒரு காரியம் செய்தாள். வந்த வழியே போகாமல் கொஞ்சம் சுற்றி, கட்டுமரத்தின் மறு முனையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் மறைந்ததும் போய்ப் பார்த்தேன். வாழைச் சருகில் நாலு தட்டை. பாட்டி கைத் தட்டை, தேங்காயும் கடலைப் பருப்பும் தெரிந்தன. பசியில் காதை அடைத்தது. ஆனால் மந்திரித்த தட்டையைத் தின்ன நான் என்ன முட்டாளா? காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்தபோது காக்கைகள் கிளறிக்கொண்டிருந்தன. காக்கைக்கு ஏதாவது ஆகிறதா என்று கொஞ்ச நேரம் நின்றுகூடப் பார்த்தேன்.

தட்டை விவகாரத்தைக் கேட்டதும் பெரியம்மா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். “பெட்டி மேல குனிஞ்சுண்டு ஏதாவது முணுமுணுத்தாளா?”

“ஆமாம்.”

“எம்பேரைச் சொன்னாளா?”

நூறடி தூரம், கடல் இரைச்சல், கறுப்புத் துணி. பாட்டி வாயைத் திறந்தாளா என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் பெரியம்மா முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதுவரை யாரும் என் பதிலுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

“சொன்னா” என்றேன்.

கொலு வைத்தார்கள். பேசினபடி நான் தேர்ந்தெடுத்த புதுப் பொம்மை மூன்றாவது படியில் உட்கார்ந்தது: கடை பரப்பி உட்கார்ந்த செட்டியார், மண் பொம்மை, பெரிய தொந்தி. கீழே தரையில் பாட்டி கடுகும் கேழ்வரகும் முளைக்க விட்டுப் பூங்கா போட்டாள். பூங்காவுக்குள் தேர் ஓட ஒரு தார் ரோடு வேண்டும் அல்லவா? அந்தச் சிவப்பு, கறுப்புக் காகிதத்தைக் கறுப்புப் பக்கம் மேலே தெரிய ஒட்டினாள். பெரியம்மா ஒன்பது நாளும் பூங்கா இருந்த பக்கமே போகவில்லை. சுண்டல் கொடுக்கக்கூடச் சுற்றித்தான் போனாள்.

சரஸ்வதி பூஜை அன்று அவரவர் தொழிலுக்கு உரியதைப் பூஜையில் வைக்க வேண்டும். நான் கணக்குப் புத்தகத்தை வைத்தேன், பெரியம்மா தையல் கத்தரியை வைத்தாள், பெரியப்பா பேனாவை வைத்தார். எல்லாம் அடுக்கியானதும் பாட்டி உள்ளே போனாள். திரும்பி வந்தவள் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து எல்லோர் கண்ணுக்கும் முன்னால் புத்தகங்களுக்கு மேல் வைத்து, அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

“அதை அங்கேர்ந்து எடுக்கச் சொல்லுங்கோ” என்று பெரியம்மா கத்தினாள்.

பெரியப்பா குனிந்து பார்த்தார். “இது அப்பாவோட கேமராவாச்சே! எங்கே இருந்தது இத்தனை நாள்?”

“என் டிரங்குப் பெட்டியிலதான்” என்றாள் பாட்டி.

எனக்குத் தெரிந்த கேமரா ஸ்டூடியோக்காரர் மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருப்பதுதான். இப்படி வயிற்றில் வைத்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்து எடுக்கிற பெட்டி கேமரா ஒன்று உண்டு என்று அன்றுதான் அறிந்தேன். வெயிலில் அந்தக் கண்ணாடியில் படம் தெரியாது, அதற்குத்தான் துணி. எண் போட்ட காகிதம் ஃபிலிமோடு சுற்றி வருவது. தேர்ச் சக்கரமும் அதோடு வருவதுதான். கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரரிடம் பாட்டி கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். நீளக்கால் ஒரு பறவை. சிவப்புக் கால், கறுப்பு இறக்கை, அந்த மாதம்தான் கூட்டமாக வரும்.

“பட்சியெல்லாம் எடுக்கறேன். ஆத்து முகத்துல” என்றாள் பாட்டி. குரலில் பயம் இல்லை, கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

“குப்பத்துக்கா போறே? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவா? கூட யாரு?”

“அந்த மீன்காரிதான்” என்றாள் பெரியம்மா. பிறகு அவளால் அடக்க முடியவில்லை. “கேமராவாவே இருக்கட்டும். எம்பேரை ஏன் சொன்னேள்? பெட்டி மேல குனிஞ்சுண்டு எம்பேரைச் சொன்னேளாமே?”

“யாரு சொன்னா ஒங்கிட்ட?” என்று பெரியப்பா திரும்பினார்.

பெரியம்மாவின் கண் என் பக்கம் நழுவியது. பாட்டி என்னைப் பார்க்கவே இல்லை. குங்குமக் கிண்ணத்தை மூடிக்கொண்டே சொன்னாள்:

“சொன்னேன். அவ பேரைச் சொல்லி, ஒரு கொழந்தை தங்கணும்னு வேண்டிண்டேன். நின்னா ஒக்காந்தா அதானே வேண்டிக்கறேன்.”

பெரியம்மா சுண்டல் அடுக்கின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரியப்பா மட்டும் விடவில்லை. “குழந்தையையும் அழைச்சுண்டு போனியா அங்கே?”

“யாரும் வரலே. நானும் பட்சியும்தான்.”

“போனது போறும். இனிமே எங்கேயும் போக வேண்டாம்.”

பூஜையில் வைத்ததை மறுபூஜை வரை தொடக்கூடாது என்பதால் கேமரா மறுநாள் காலை வரை சந்தனப் பொட்டோடு இருந்தது. விஜயதசமியன்று பெரியப்பா அதை எடுத்துப் போனார். யாருக்குக் கொடுத்தாரோ, நான் அதைத் திரும்பப் பார்க்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து மீன்காரம்மா கொல்லைக் கதவைத் தட்டினாள். “பாப்பா, பாட்டிம்மா கீறாங்களா? நீளக்கால் அம்பது அறுபது எறங்கிகீது. வந்து பாக்கச் சொல்லு.” பாட்டி சமையலறையில்தான் இருந்தாள். யாராவது தேடி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று பெரியப்பா சொல்லி வைத்திருந்தார். “பாட்டி ஊர்ல இல்லே” என்றேன். மீன்காரம்மா என் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தாள். “சரி, வந்தா சொல்லு” என்று போய்விட்டாள். உள்ளே கரண்டிச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு மறுபடி கேட்டது.

கொலுவைக் கட்டி வைக்கும்போது பாட்டி என் செட்டியாரைத் தானே துணியில் சுற்றினாள். “இது ஒன்னோடதுடி. பெரியவளானா கேட்டு வாங்கிக்கோ” என்றாள். அடுத்து வந்த கோடையில் அப்பா வந்து என்னை அழைத்துப் போய்விட்டார். அதற்கடுத்த வருஷம் பாட்டி போய்விட்டாள். பொம்மையை நான் கேட்கவில்லை. அந்த வீட்டிலிருந்து எதையும் கேட்கிற முகம் எனக்கு இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பொய்யை இட்டுக்கட்டியது நான். பாட்டி ஏன் ஒப்புக்கொண்டாள்? ஒருவேளை நிஜமாகவே பேரைச் சொல்லியிருப்பாளோ, என் பொய் தற்செயலாக உண்மையாகிவிட்டதோ? இந்த வழி எனக்குச் சௌகரியமாக இருந்ததால் அதையே நம்பினேன். யாரையும் நம்பாதவள் இதை மட்டும் நம்பினேன் பாருங்கள்.

போன மாதம் பெட்டியைத் திறந்து செட்டியாரைத் தூக்கினேன். தொந்திக்குள் ஏதோ உரசியது. அடியில் இருந்த ஓட்டையில் துணி அடைத்திருந்தது. பிடுங்கினேன். அதே சிவப்பு, கறுப்புக் காகிதத்தில் ஒரு துண்டு, அதற்குள் சுருண்டு எட்டுப் படங்கள், உள்ளங்கை அளவு. ஏழில் பறவைகள். பறவை என்று சொல்லித்தான் தெரிய வேண்டும். சேறும் ஆகாசமும், நடுவில் எள்ளு மாதிரி புள்ளிகள். நான் செல்போனில் எடுத்து உங்களுக்கு அனுப்புகிற படங்கள் எவ்வளவோ தேவலை. ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் பாட்டி பென்சிலால் எழுதியிருந்தாள். “நீளக்கால், மூன்று.” “நீர்க்காகம், இறக்கை உலர்த்துகிறது.” “ஆலா. நகர்ந்துவிட்டது.”

எட்டாவது படத்தில் ஒரு கட்டுமரம். அதன் மேல் விளிம்பில் அரிசி அளவு ஒரு முகம். செல்போனில் அதைப் படம் எடுத்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இரட்டைப் பின்னல், நெற்றியில் பெரியம்மா இட்ட பொட்டு. முதல் வெள்ளிக்கிழமை. பாட்டி அன்றே பார்த்துவிட்டாள். அத்தனை தூரத்தில் எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் “சொன்னேன்” என்றாள்.

திருப்பிப் பார்த்தேன். “புது வரவு. ஒன்றே ஒன்று. பசியோடு இருக்கிறது. கிட்டப் போனால் பறந்துவிடும்.”

அன்று மத்தியானம் முழுக்க அழுதேன். மருமகள் பயந்துபோய் என் பிள்ளைக்குப் போன் செய்துவிட்டாள். அதன் பிறகு பெட்டியின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்ன பொய்யை விட, பாட்டியின் கேமராவை விட, அந்த நாலு தட்டைதான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. அதைத் தின்றிருக்கலாம். அன்று எனக்கு நல்ல பசி.